நெலுவும் குறிஞ்சியும் ஒரு குலமா?

ஹோட்டன் சமவெளியிலே நெலு பூத்திருக்கக் கண்டு வந்தவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “நம் புலவர்கள் பாடிய குறிஞ்சியும் இதுவும் ஒன்றுதானா?” ஒன்றல்ல, ஆயினும் நெருங்கிய உறவு என்பதே விடை. எத்தகைய உறவு? உடன்பிறப்பா, தூரத்து உறவா? இச்சிறு கேள்வியைத் தீர்ப்பதற்குத் தாவரவியல் அறிஞருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றன. அவ்வரலாற்றையே இங்குக் கூற விழைகின்றோம்.

குடும்பமும் சாதியும்

வேலியோரத்து ஆடாதோடை, ஈரநிலத்து நீர்முள்ளி, மகளிர் சூடும் கனகாம்பரம் ஆகிய மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நெலுவும் குறிஞ்சியும் அக்குடும்பத்தினவே. ஒரு குடும்பத்துள் மிக நெருங்கியவற்றின் கூட்டத்தைச் ‘சாதி’ என்றும், அதன் உறுப்புக்களை ‘இனம்’ என்றும் அறிஞர் வழங்குவர். ஒவ்வொரு செடியின் இலத்தீன் பெயரிலும் முதற் சொல் சாதியையும், இரண்டாஞ் சொல் இனத்தையும் உணர்த்தும். ஆகவே, சாதி மாறினால் செடியின் பெயரும் மாறிவிடும்.

செர்மனியிற் பிறந்து, ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த யாவாவிற் பணியாற்றிய புளூமே என்பவர், 1826ஆம் ஆண்டில் ‘ஸ்ட்ரோபிலாந்தெஸ்’ என்னும் சாதியை நிறுவினார். கிரேக்க மொழியில் இதற்குக் கூம்புப் பூ என்பது பொருள். பூந்துணரானது செதில் அடுக்கிய பைன் மரக்காய் போலத் தோன்றுவதால் இப்பெயர் வந்தது. இன்று இச்சாதியில் ஏறத்தாழ 400 இனங்கள் அறியப்பட்டுள்ளன. இலங்கையில் மட்டும் ஏறத்தாழ 30 இனங்கள் உள. அவற்றுட் பெரும்பாலானவை வேறெந்த நாட்டிலும் இல்லாதவை. அவற்றையே சிங்கள மக்கள் ‘நெலு’ என்பர். நீலகிரியையும் மூணாற்று மலைகளையும் நீலமாக்கும் குறிஞ்சியோ மற்றோர் இனம். அது நம் நாட்டில் இயற்கையாக வளர்வதில்லை.

பிரித்தலும் சேர்த்தலும்

1832ஆம் ஆண்டில் நீஸ் என்னும் செர்மானிய அறிஞர், குறிஞ்சியை வேறாக்கிப் ‘பிளெபோபில்லம்’ என்னும் சாதியில் வைத்தார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலே பெந்தம், கிளார்க் முதலிய ஆங்கில அறிஞர் அதனைப் பழைய சாதியுடன் மீண்டுஞ் சேர்த்தனர். பின்னர், இரண்டாம் உலகப் போரில் ஒல்லாந்து செர்மானியர் கைப்பட்டிருந்த 1944ஆம் ஆண்டில், அந்நாட்டறிஞர் பிரெமெக்காம்ப் பெரியதோர் ஆராய்ச்சியை வெளியிட்டார். நுணுக்குக்காட்டியிலே மகரந்தமணிகளை நோக்கினால் அவற்றின் உருவும் மேற்பரப்பும் இனத்துக்கு இனம் வியக்கத்தக்கவாறு வேறுபடும். கேசரங்கள் சிலவற்றில் நான்கு, சிலவற்றில் இரண்டு. இவ்வேறுபாடுகளைக் கொண்டு அவர் அப்பெருஞ் சாதியை ஐம்பதுக்கு மேற்பட்ட சாதிகளாக வகுத்தார். குறிஞ்சி மீண்டும் பிளெபோபில்லம் ஆயிற்று. ஒரு நூலில் ஒரு பெயரையும் மறு நூலில் வேறொரு பெயரையுங் கண்ட மாணவன், குறிஞ்சியை இரு செடிகள் என மயங்கியிருப்பின் அவன்மேற் குற்றமில்லை.

காத்திருக்க வேண்டிய கலை

அறிஞர் ஏன் இவ்வாறு முரண்பட்டனர்? காரணம் இரண்டு. முதலாவது, பூவின்றி இச்செடிகளை வகுத்தறிதல் அரிது. பூவோ எளிதிற் கிடைப்பதில்லை. இச்சாதியிற் சில இனங்கள் ஆண்டுதோறும் பூப்பன. வேறு பலவோ பல ஆண்டுகள் வளர்ந்து, ஒரே காலத்திற் பூத்து, விதை சிந்தி மடிவன. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும். 2006லும் 2018லும் நீலகிரியிற் பூத்த அது, 2030இல் மீண்டும் பூக்குமென எதிர்பார்க்கின்றனர். அப்படியாயின், தாவரவியலார் ஒருவர் தம் பணிக்காலத்தில் அதனை மலருடன் காண்பது மூன்று முறையே. இடையிற் பறித்த பூவற்ற கிளையை எவ்வளவு பேணி உலர்த்தி வைத்தாலும் அது பாதிக்கதையே சொல்லும்.

இரண்டாவது, அடையாளங்கள் ஒன்றோடொன்று ஒத்துவருவதில்லை. ஒரு வீட்டிலே மகன் மூக்கிலே தந்தையை ஒத்திருப்பான். நடையிலே மாமனை ஒத்திருப்பான். மூக்கை மட்டும் அளந்து ஊராரைக் குடும்பங்களாகப் பிரிக்கப் புகுந்தால் என்னாகும்? மகரந்தத்தால் ஒன்றுபட்டவை கேசரத்தால் வேறுபட்டன. கேசரத்தால் ஒன்றுபட்டவை விதையால் வேறுபட்டன.

1994ஆம் ஆண்டில் வூட் என்னும் ஆங்கில அறிஞர் சிறு சாதிகளைக் கைவிட்டு, பழைய பெருஞ் சாதியையே ஏற்றார். 2002இல் இப்பொருளை ஆராய்ந்த கரைன், ஸ்கொட்லன்ட் ஆகிய இருவரும், வகுக்க இயலாததை வகுக்க முயல்வதா என்னுங் கேள்வியைத் தம் கட்டுரைத் தலைப்பிலேயே எழுப்பினர். 2004இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி வழக்கைத் தெளிவாக்கிற்று. இக்கூட்டம் முழுவதும் ஒரே மூதாதையின் வழிவந்தது. ஆனால் உள்ளே இடப்பட்ட வேலிகள் பல இயற்கை இட்டவையல்ல. ஆகவே இன்று நெலுவும் குறிஞ்சியும் ஒரே சாதி. இனம் மட்டுமே வேறு.

பிரெமெக்காம்பின் உழைப்பு வீணாயிற்றென்று நாம் கருதுவதற்கில்லை. அவர் கண்ட வேறுபாடுகள் மெய்யானவை. அவற்றைக் கொண்டு எழுப்பிய சுவர்களே நிலைக்கவில்லை. பெயர் நாம் இடுவது. உறவு நாம் இடுவதன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே வகைப்படுத்தற் கலையின் முதற் பாடம் என்போம்.

மாணவர்க்கு ஒரு சொல். 2013இல் ஹோட்டன் சமவெளி நெலுவாற் பொலிந்ததைப் பலர் கண்டிருப்பர். அத்தகைய காட்சி மீண்டும் வாய்க்கும்போது பூவைப் பறியாது நோக்குக. பல ஆண்டு காத்திருந்து ஒரு முறையே பூத்து மடியும் செடிக்கு, அப்பூவே அடுத்த தலைமுறை. வேறெந்த நாட்டிலும் இல்லாத நம் நெலு இனங்களுள் ஒன்று அழிந்துபடின், பின்னர் எந்த நூலிலே எப்பெயரால் எழுதிவைத்தும் பயனில்லை.