முந்திரிப் பழம், தக்காளி, சின்ன வெங்காயம்: பாட்டிலில் அடைப்பதா, வெயிலில் காயவைப்பதா?

பங்குனி, சித்திரை மாதங்களில் ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் வட்டாரங்களில் முந்திரித் தோப்புக்குள் நுழைந்தால் புளித்த வாடை மூக்கைத் துளைக்கும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவது நம் வழக்கம். ஆடு தின்றது போக மிச்சம் மண்ணுக்குப் போகிறது. ஒரு கிலோ கொட்டை சேர்ந்தால் ஏழு, எட்டு கிலோ பழம் வீணாகிறது என்று பொருள். ஆரஞ்சுப் பழத்தைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு வைட்டமின் 'சி' உள்ள பழம் அது.

மேற்கே பெரம்பலூர்ப் பக்கம் வேறு கதை. ஆலத்தூர் வட்டாரத்தில், செட்டிகுளம் சுற்றுப்புறத்தில், சின்ன வெங்காயம் எல்லார் வயலிலும் ஒரே சமயத்தில் அறுவடைக்கு வந்தால் விலை சரிகிறது. கிணற்றுப் பாசனத்தில் தக்காளி போட்டவருக்கும் அதே பாடு. பறிகூலிக்குக்கூடக் கட்டாத வாரங்கள் உண்டு. இப்படிப்பட்ட நேரத்தில் வீட்டிலேயே பதப்படுத்தி வைக்கலாமே என்ற எண்ணம் எழுவது இயற்கை. நல்ல எண்ணந்தான். ஆனால் எதைப் பாட்டிலில் அடைக்கலாம், எதை அடைக்கவே கூடாது என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். இதில் தவறினால் நட்டம் பணத்தோடு நிற்காது.

புளிப்பே அளவுகோல்

மண் பரிசோதனை அட்டையில் 'கார அமில நிலை' என்று ஒரு எண் இருப்பதை விவசாயிகள் அறிவார்கள். உணவுப் பொருளுக்கும் அதே எண் உண்டு. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பாட்டிலில் அடைக்கும் பொருளுக்கு 4.6 என்பதுதான் எல்லைக் கோடு. எலுமிச்சை, மாங்காய், புளி ஆகியவை இந்தக் கோட்டுக்கு வெகு கீழே. தக்காளி கோட்டை ஒட்டி நிற்கிறது. இரகத்தையும் பழுத்த பக்குவத்தையும் பொறுத்துச் சில சமயம் மேலேயும் போய்விடும். வெங்காயம், பூண்டு, முருங்கைக்காய், கொத்தவரை, அவரை, கத்தரி எல்லாம் கோட்டுக்கு மேலே.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? மண்ணில் 'கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம்' என்ற நுண்ணுயிரின் வித்துக்கள் சாதாரணமாகவே இருக்கின்றன. மண்ணில் விளையும் காயின் தோலில் அவை ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். கொதிக்கும் நீரில் மணிக்கணக்கில் வேகவைத்தாலும் அவை சாவதில்லை. 121 டிகிரி சென்டிகிரேடு வெப்பம், அதுவும் அழுத்தத்துடன், குறிப்பிட்ட நேரம் வேண்டும். காற்றுப் புகாத, புளிப்பு இல்லாத இடம் கிடைத்தால் வித்து முளைத்து நஞ்சை உண்டாக்கும். உணவில் வாடை மாறாமலும் இருக்கலாம், மூடி உப்பாமலும் இருக்கலாம். சாப்பிட்டவருக்குப் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் பார்வை இரட்டையாகத் தெரியும், இமை சொருகும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. அப்படி நேர்ந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மூச்சு நின்றுவிடும் ஆபத்து உண்டு. புளிப்பு 4.6-க்குக் கீழே இருந்தால் இந்த வித்து முளைப்பதில்லை.

'எண்ணெய் மேலே மிதந்தால் கெடாது' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மாங்காய், எலுமிச்சை ஊறுகாய்க்கு அது பொருந்துகிறது. காரணம், அங்கே காப்பது புளிப்பும் உப்பும். எண்ணெய் துணைக்கு நிற்கிறது, அவ்வளவே. வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைத்தால், காற்றைத் தடுத்து அந்த நுண்ணுயிருக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாக ஆகும். 1983-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பியோரியா என்ற ஊரின் உணவகம் ஒன்றில், வதக்கிக் கொழுப்பில் மூழ்கியபடி போதிய சூடின்றி வைத்திருந்த வெங்காயத்தைச் சாப்பிட்ட 28 பேர் இந்த நஞ்சினால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். வெங்காயம் கெட்டுப்போனது அல்ல, நல்ல வெங்காயந்தான். ஆகவே வெங்காயத் தொக்கு செய்பவர்கள் புளியை ருசிக்காகத் தொட்டுக்கொள்வதோடு நில்லாமல் தாராளமாகச் சேர்க்க வேண்டும். அப்படியும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களில் தீர்த்துவிடுவதே முறை.

வீட்டுப் பிரஷர் குக்கரில் காய்களைப் பாட்டிலோடு வைத்து அவித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. குக்கர் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடுவதால், பாட்டிலின் நடுப்பகுதி வரை அந்த வெப்பம் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அது தொழிற்சாலை வேலை.

முந்திரிப் பழச் சர்பத்

முந்திரிப் பழத்தை யாரும் சீந்தாததற்குக் காரணம் தொண்டையைப் பிடிக்கும் அதன் துவர்ப்பு. அதை நீக்க நம் வீட்டுச் சோற்றுக் கஞ்சியே போதும். அன்று காலை விழுந்த, அடிபடாத, நன்கு பழுத்த பழங்களையே எடுக்க வேண்டும். முதல் நாள் பழம் உதவாது. கொட்டையைத் திருகும்போது அதன் ஓட்டுப்பால் பழத்தில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுவி, நறுக்கி, சுத்தமான துணியில் பிழிந்தால் இரண்டு கிலோ பழத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் சாறு கிடைக்கும். எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. இரும்பு பட்டால் சாறு கறுத்துவிடும்.

ஒரு லிட்டர் சாற்றுக்கு 125 மில்லி, உப்புப் போடாத, ஆறிய கஞ்சியை ஊற்றிக் கலக்கி அசையாமல் வைக்க வேண்டும். துவர்ப்புப் பொருள் கஞ்சியோடு சேர்ந்து திரிந்து அடியில் படியும். மேலே தெளிந்ததை மெல்லிய துணியில் வடித்துக்கொள்ளலாம். கோடையில் சாறு சில மணி நேரத்திலேயே நொதிக்கத் தொடங்குமாதலால், காலையில் பிழிந்ததை அன்றே முடித்துவிட வேண்டும். நாளை பார்க்கலாம் என்று வைத்தால் கோவாக்காரர்கள் 'பெனி' காய்ச்சுவதற்குப் புளிக்கவைக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும்!

ஒரு லிட்டர் தெளிந்த சாற்றுக்கு ஒன்றே முக்கால் கிலோ சர்க்கரை, ஒரு லிட்டர் தண்ணீர், 40 கிராம் சிட்ரிக் அமிலம். சர்க்கரையையும் அமிலத்தையும் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகே சாற்றைச் சேர்க்க வேண்டும். கடைசியாக 2 கிராம் பொட்டாசியம் மெட்டா பை சல்பைட்டைச் சிறிது தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலக்க வேண்டும். இந்த 2 கிராமைக் கண்ணளவில் போடக் கூடாது. நகைக்கடையில் இருப்பது போன்ற சிறு தராசில் நிறுக்க வேண்டும். கூடினால் சட்டப்படி குற்றம், குடிப்பவருக்குத் தொண்டை எரியும். ஆஸ்துமா உள்ளவர்கள் இப்பொருள் சேர்ந்த பானத்தைத் தவிர்ப்பது நல்லது. இருபது நிமிடம் கொதிநீரில் வேகவைத்த பாட்டில்களில், கழுத்தில் ஒரு அங்குலம் விட்டு நிரப்பி மூடலாம். 750 மில்லி பாட்டில் நான்கு நிறையும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துக் குடிக்கலாம்.

கணக்குப் பார்த்தால் பழம் இனாம். செலவெல்லாம் சர்க்கரைக்கும் பாட்டிலுக்குந்தான். ஆகவே முதல் ஆண்டு வீட்டுக்கும் உறவுக்கும் மட்டும் செய்து கைப்பக்குவம் வந்த பிறகு விற்பனையை யோசிப்பதே என் யோசனை.

தக்காளிச் சாறு

விலை சரிந்த வாரத்தில் செய்ய ஏற்றது இது. செடியிலேயே பழுத்த, அழுகல் இல்லாத பழங்களை நறுக்கி வேகவைத்து, மசித்து, தோலும் விதையும் போக வடிகட்டி மறுபடி கொதிக்கவிட வேண்டும். லிட்டருக்கு 30 மில்லி எலுமிச்சைச் சாறு அல்லது இரண்டரை கிராம் சிட்ரிக் அமிலம் கட்டாயம். தக்காளியே புளிப்புத்தானே என்று இதை விட்டுவிடுபவர்கள்தாம் அதிகம். மேலே சொன்ன எல்லைக் கோட்டை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். கொதிக்கக் கொதிக்கச் சூடான பாட்டிலில் அரை அங்குலம் விட்டு நிரப்பி, உள்ளே ரப்பர்ப் பூச்சுள்ள புதிய மூடியால் மூட வேண்டும். அகன்ற அண்டாவின் அடியில் மரச்சட்டமோ மடித்த துணியோ போட்டு, பாட்டில்களை நிறுத்தி, மூடிக்கு மேல் ஒரு அங்குலம் நீர் நிற்கும்படி கொதிக்கவைக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு அரை லிட்டர் பாட்டிலுக்கு 35 நிமிடம், ஒரு லிட்டருக்கு 40 நிமிடம். எடுத்தவுடன் ஈரத் தரையில் வைத்தால் கண்ணாடி வெடிக்கும். மறுநாள் மூடியின் நடுவை விரலால் அழுத்திப் பார்த்தால் அசையக் கூடாது. 'டிக்'கென்று எழும்பினால் அந்தப் பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து முதலில் செலவழித்துவிட வேண்டும்.

பாட்டிலில் உணவை அடைத்துக் கொதிக்கவைக்கும் இம்முறையை 1810-இல் புத்தகமாக வெளியிட்டவர் பிரான்சு நாட்டு மிட்டாய்க்காரர் நிக்கோலா அப்பேர். உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. நுண்ணுயிர்களைப் பற்றிப் பாஸ்டர் விளக்கியது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான். நமக்குத் தெரிந்திருக்கிறது என்பதே வித்தியாசம்.

வெங்காயத்துக்கு வெயிலே நண்பன்

சின்ன வெங்காயத்தைப் பச்சையாக வைக்க, தரையிலிருந்து உயர்த்திக் காற்றோட்டமாகப் போடும் பட்டறைக்கு ஈடு இல்லை. தாள் நன்றாகக் காய்ந்த, காயம் படாத வெங்காயத்தையே பட்டறைக்கு ஏற்ற வேண்டும். கழித்த வெங்காயத்தை வடகமாக்கலாம். உளுந்து, கடுகு, பூண்டு சேர்த்து விளக்கெண்ணெய் தடவிப் பிசைந்து உருட்டிக் காயவைக்கும் தாளிப்பு வடகம் நம் பாட்டிமார் கண்ட பாதுகாப்பான முறை. ஈரம் இல்லாத இடத்தில் எந்த நுண்ணுயிரும் வளராது. உடைத்தால் உள்ளே பிசுபிசுப்பு இல்லாமல் ஒடிய வேண்டும். கொத்தவரை, கத்தரி, சுண்டை, மிளகாய் வற்றலுக்கும் இதுவே சோதனை.

பாட்டிலில்தான் வேண்டும் என்றால் வினிகரில் போடலாம். உரித்த வெங்காயத்தை ஓர் இரவு உப்பு நீரில் ஊறவைத்து வடித்து, கொதிக்கும் வினிகரைத் தண்ணீர் கலக்காமல் மூழ்கும்வரை ஊற்றி, மூடி, கொதிநீரில் 10 நிமிடம் வைக்க வேண்டும். பாட்டில் ஒட்டுச்சீட்டில் அமிலம் 5 சதவீதம் என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். அதற்குக் குறைந்த வினிகரானால் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே வைக்க வேண்டாம்.

விற்க விரும்புவோர் முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பாட்டிலில் தயாரித்த தேதி, அளவு, சேர்த்த பதப்பொருளின் பெயர் இருக்க வேண்டும். செய்முறையைக் கண்ணால் பார்த்துப் பழக, பெரம்பலூர் மாவட்டத்தார் வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்டத்தார் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகலாம். தொழிலாகத் தொடங்குவோர் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் விசாரிக்கலாம். முந்திரிக்கு மாசி மாதத்திலேயே பத்துப் பேராகச் சேர்ந்து போய்ப் பயிற்சி கேட்பது நல்லது. பழம் விழத் தொடங்கிய பிறகு யாருக்கும் நேரம் இருக்காது.