மருந்து நின்ற தோட்டம்

ஷார்ஜாவில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில், 'ஆர்கானிக்' என்று ஒட்டிய திராட்சைக்கு இரண்டு மடங்கு விலை. பிள்ளைகளுக்காக யோசிக்காமல் எடுத்துவிடுவேன். அதே நான், "மருந்து அடிக்கிறத நிப்பாட்டிட்டேண்ணே" என்று ஊரிலிருந்து தம்பி சொன்னபோது கத்திவிட்டேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த ரகம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. மற்ற ஊர்களில் பருவத்துக்குத்தான் திராட்சை. இங்கே வருஷம் முழுக்க அறுவடை. ஆனால் மழை பிடித்தால் இலையின் அடியில் அடிச்சாம்பல் நோய் வந்துவிடும். கவாத்திலிருந்து அறுவடை வரை நாலு மாசமும் அப்பா மருந்துத் தெளிப்பானும் கையுமாகவே இருந்தார். தெளித்த ராத்திரியெல்லாம் கண் எரிச்சல், தலைச்சுற்றல். அந்த வருமானத்தில்தான் நான் விசா எடுத்து இங்கே வந்தேன்.

தம்பி இப்போது காற்றோட்டத்துக்காக இலைகளைக் கிள்ளுகிறான். சூடோமோனாஸ், பஞ்சகவ்யம் கொடுக்கிறான். தவிர்க்க முடியாதபோது மட்டும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. முதல் மழைக்காலத்தில் பாதிக் காய் போய்விட்டது.

ஐரோப்பாவில் சில குடும்பத் தோட்டங்கள் ரசாயனத்தை விட்டுவிட்டு, பழத்தில் உள்ள ஈஸ்ட்டாலேயே ஒயினைப் புளிக்க வைக்கின்றன. அதற்கென்றே காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. எங்கள் பழம் போவது கமிஷன் கடைக்கு. அங்கே மருந்து அடித்ததும் அடிக்காததும் ஒரே விலை. இயற்கை விளைபொருள் என்று சான்றிதழ் வாங்கவும் திராட்சை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும்.

அந்த மூன்று வருஷ நஷ்டத்தை யார் தாங்குவது? விவசாயி மட்டும் என்றால் யாரும் மாறமாட்டார்கள். கடையில் இரட்டை விலை கொடுக்கத் தயங்காத நாம், சொந்த ஊர்த் தோட்டத்துக்கு மட்டும் ஏன் கணக்குப் பார்க்கிறோம்?

ஊரில் மனை வாங்க மாதாமாதம் எடுத்து வைத்த பணத்தை இந்த வருஷம் தம்பிக்கு அனுப்புகிறேன். மனைவிக்கு இன்னும் வருத்தம்தான். போன வாரம் வீடியோ காலில் அப்பா பந்தலடியில் நின்று, கழுவாமலே ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டார். அந்தத் தோட்டத்தில் அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.