ஆழ்நீரிற் பிடிபடும் பெருமீன்: வைத்துக்கொள்வதா, விடுவதா?

விதைநெல்லை உலையிலிடும் கமக்காரன் அடுத்த போகத்தைத் தானே அழித்தவனாவான். கமத்தொழிலோடு மீன்பிடித்தலையும் மேற்கொள்ளும் கரையோரத்தார் இவ்வுண்மையைக் கடலிலும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பெரிய தாய்மீன் கடலின் விதைநெல்லாகும்.

பெருமீனின் பயன்

மெக்சிக்கோ வளைகுடாவின் ஆழ்நீரில் 'ரெட் சினப்பர்' என்னும் செந்நிற மீன் வாழ்கின்றது. அது 50 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழ வல்லது. 61 சதமமீற்றர் நீளமுள்ள ஒரு பெண்மீனின் முட்டைகள், 42 சதமமீற்றர் நீளமுள்ள 212 பெண்மீன்களின் முட்டைகளுக்குச் சமமெனக் கணக்கிடப்பட்டுள்ளது. நீளத்தில் ஒன்றரை மடங்கு வேறுபாடும் இல்லை. விளைவிலோ இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டு.

விட்டுவிட்டாற் போதுமோ?

அவ்வாறாயின் பெருமீனைத் திரும்ப நீரில் விடுதலே அறமெனத் தோன்றும். ஆழங்குறைந்த குளத்து மீனுக்கு அது பொருந்தும். ஆழ்நீர் மீனுக்கு அது மட்டும் போதாது. 30 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் நீரின் மேற்பரப்பிலுள்ளதைப் போல நான்கு மடங்காகும். அங்கிருந்து மீனை விரைந்து இழுக்கும்போது அதன் காற்றுப்பையிலுள்ள வாயு நான்கு மடங்காக விரிய முற்படும். அதனாற் கண்கள் பிதுங்கும். இரைப்பை வாய்வழியே வெளித்தள்ளப்படும். இந்நிலையில் விடப்படும் மீன் கீழே செல்ல மாட்டாது மிதந்து, பறவைகளுக்கும் சுறாக்களுக்கும் இரையாகும். இஃது இரக்கமன்று, உண்பவனுக்கும் உதவாது, மீனினத்துக்கும் உதவாது.

செய்யவேண்டியன

1. வீட்டுக்கோ விற்பனைக்கோ வேண்டிய அளவு கிடைத்தவுடன் ஆழமான இடத்தை விட்டு நீங்குக. விளையாட்டாகப் பிடித்து விடுதலை அங்கே தவிர்க்குக.

2. விடவேண்டிய மீனைப் பாரங் கட்டிய கூடையைக் கவிழ்த்து அதனுள் வைத்துக் கயிற்றால் ஆழத்துக்கு இறக்குக. ஆழத்தில் வாயு மீண்டும் சுருங்க, மீன் தானே நீந்திச் செல்லும். மெக்சிக்கோ வளைகுடாவிற் பாறையடி மீன் பிடிப்போர், மீனை ஆழத்துக்கு இறக்கும் கருவியையோ வாயுவை வெளியேற்றும் ஊசியையோ படகில் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டுமென்னும் அமெரிக்கச் சட்டம் 2022 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

3. வாய்வழியே வெளிவந்திருப்பது இரைப்பை; காற்றுப்பையன்று. அதனைக் குத்துதல் கூடாது.

4. பிழைக்கமாட்டாத மீனைச் சட்டம் இடந்தருமாயின் வைத்துக்கொண்டு முழுவதையும் பயன்படுத்துக. அதனையும் அன்றைய பிடிப்பிற் சேர்த்து எண்ணி, அத்துடன் நிறுத்துக.

விதைநெல்லை அறுவடையின்போதே பிரித்து வைக்கின்றோம். பசி வந்த பின்னரன்று. அதுபோலப் பெருமீனைப் பற்றிய முடிவும் தூண்டிலை ஆழத்தில் இறக்குமுன்னரே செய்யப்படுதல் வேண்டும். மீன் மேலே வந்தபின் செய்யும் முடிவு பெரும்பாலும் காலங்கடந்ததாகும்.