தொகையிடல் முதல் வகைக்கெழுச் சமன்பாடு வரை: உதவி எங்கே தேவைப்படுகிறது?

நுண்கணிதத்தில் வகையிடல் பெரும்பாலான மாணவர்களுக்குச் சீக்கிரமே கைவந்துவிடும். விதி இருக்கிறது, விதிப்படி போனால் விடை வரும். தொகையிடலுக்கு வந்ததும் அந்த வசதி போய்விடுகிறது. பிரதியிடலா, பகுதித் தொகையிடலா, பகுதிப் பின்னங்களா என்பதைக் கணக்கைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அடுத்து வரும் முடிவிலாத் தொடர்களிலும் வகைக்கெழுச் சமன்பாடுகளிலும் இதே நிலைதான். வீட்டுக்கணக்கில் உதவி தேடும் கட்டம் இங்கேதான் தொடங்குகிறது.

உதவி கேட்பதற்கு முன் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. இந்தப் பகுதிகளின் பெரும்பாலான விடைகளை மாணவரே சோதித்துக்கொள்ளலாம். தொகையிட்டு வந்த விடையை வகையிட்டால் கேள்வியில் இருந்த சார்பு திரும்ப வர வேண்டும். வகைக்கெழுச் சமன்பாட்டின் தீர்வைச் சமன்பாட்டிலேயே பிரதியிட்டால் இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். இப்படிச் சோதித்துப் பழகியவர் ஆசிரியரிடம் “விடை என்ன?” என்று கேட்பதில்லை. “மூன்றாவது வரியில் குறி ஏன் மாறியது?” என்று கேட்கிறார். கற்றுக்கொடுப்பவரால் நன்றாகப் பதில் சொல்ல முடிவது இந்த இரண்டாவது கேள்விக்குத்தான்.

சைன் எக்ஸையும் காஸ் எக்ஸையும் பெருக்கி, அதை இரட்டித்துத் தொகையிடச் சொன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். சைனைப் புதிய மாறியாகப் பிரதியிட்டவருக்குச் சைன் வர்க்கம் விடையாகக் கிடைக்கும். காஸைப் பிரதியிட்டவருக்கு மைனஸ் காஸ் வர்க்கம் கிடைக்கும். இரட்டைக் கோணச் சூத்திரத்தைப் பிடித்தவருக்கு மைனஸ் அரை காஸ் 2 எக்ஸ். புத்தகத்தின் பின்பக்கத்தில் இவற்றில் ஒன்றுதான் அச்சாகியிருக்கும். மற்ற இருவரும் சரியான விடையை அடித்துவிட்டுத் தவறு எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்கள். மூன்றுமே சரி. எக்ஸ் 0 பாகையாக இருக்கும்போது முதல் இரண்டு விடைகளின் மதிப்புகள் 0, மைனஸ் 1. 90 பாகையில் 1, 0. இரண்டு இடத்திலும் வித்தியாசம் 1. எந்த எக்ஸை எடுத்தாலும் இந்த வித்தியாசம் மாறாது, ஏனென்றால் சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் சேர்ந்தால் 1. விடையின் கடைசியில் எழுதும் தொகையிடல் மாறிலி இந்த வித்தியாசத்துக்கும் சேர்த்துத்தான் இருக்கிறது. அதை மதிப்பெண்ணுக்காக ஒட்டவைக்கும் எழுத்தாக நினைக்கும் மாணவருக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

எவ்வளவு முயன்றாலும் முடியாத தொகையிடல்களும் உண்டு. இ-யின் அடுக்கில் மைனஸ் எக்ஸ் வர்க்கம் உள்ள சார்புக்கு, பழகிய சார்புகளைக் கொண்டு எழுதக்கூடிய தொகையீடு கிடையாது. இத்தகைய முடிவுகளுக்கான கோட்பாட்டை லியூவில் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 1830களில் உருவாக்கினார். அதே சார்பை எக்ஸால் பெருக்கிவிட்டால் ஒரே பிரதியிடலில் கணக்கு முடிந்துவிடும். கேள்வியைப் பார்த்து எழுதும்போது ஓர் எக்ஸ் விட்டுப்போனால் இரவெல்லாம் திணற வேண்டியதுதான். கேள்வியைச் சரியாகப் பார்த்து எழுதினோமா என்பதை முதலில் பார்ப்பது நல்லது.

தொடர்களில் கண்ணால் பார்ப்பதையும் கால்குலேட்டரையும் நம்பக் கூடாது. 1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகும் இசைத் தொடரின் உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போகின்றன. ஆயிரம் உறுப்புகளைக் கூட்டினால் ஏறத்தாழ 7.49, பத்து லட்சம் உறுப்புகளைக் கூட்டினால் 14.39. எங்கோ நின்றுவிடும் என்றுதான் தோன்றும், ஆனால் நிற்காது. 14ஆம் நூற்றாண்டில் நிக்கோல் ஒரேம் இதை எளிமையாக நிறுவினார்: 1/3, 1/4 இரண்டும் சேர்ந்தால் அரைக்கு மேல், 1/5 முதல் 1/8 வரை சேர்ந்தாலும் அரைக்கு மேல், இப்படி அரையரையாகச் சேர்ந்துகொண்டே போவதற்கு முடிவில்லை. ‘உறுப்புகள் பூச்சியத்தை நெருங்குகின்றன, ஆகவே தொடர் ஒருங்கும்’ என்று எழுதுவதுதான் இந்தப் பாடத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. நெருங்காவிட்டால் ஒருங்காது என்பது மட்டுமே உண்மை.

கூட்டலும் கழித்தலும் மாறிமாறி வந்தால் கதை வேறு. 1 – 1/3 + 1/5 – 1/7 என்று போகும் தொடர் பையின் நான்கில் ஒரு பங்கை நோக்கி ஒருங்குகிறது. 14ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் வாழ்ந்த சங்கமகிராம மாதவனுக்கு உரியதாகக் கருதப்படும் இத்தொடரின் நிறுவல், 16ஆம் நூற்றாண்டில் ஜேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய ‘யுக்திபாஷா’வில் இருக்கிறது. ஆயிரம் உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினாலும் 3.1406தான் கிடைக்கும். மூன்றாம் தசம இடமே தவறு. தொடர் ஒருங்குகிறதா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு வேகமாக என்பது இன்னொரு கேள்வி.

வகைக்கெழுச் சமன்பாட்டில் மாறிலி எந்த இடத்தில் வருகிறது என்பதில்தான் கோளாறு. ஒய்யின் வகைக்கெழு ஒய்க்கே சமம் என்றால், தீர்வு இ அடுக்கு எக்ஸை ஒரு மாறிலியால் பெருக்கியது. தொகையிட்டவுடன் மாறிலியைப் போடாமல் கடைசி வரியில் கூட்டிவிடுபவர்கள் நிறைய. அந்த விடையை வகையிட்டால் கூட்டிய மாறிலி மறைந்துவிடும், மறுபக்கத்தில் அது அப்படியே நிற்கும். ஒரே வரியில் தவறு வெளிப்படுகிறது.

நியூட்டனின் குளிர்தல் விதியிலும் இதே வகைச் சமன்பாடுதான் வருகிறது. அறையின் வெப்பநிலை 30 டிகிரி. 90 டிகிரியில் இருந்த தேநீர் 10 நிமிடத்தில் 60-க்கு இறங்கியது. அடுத்த 10 நிமிடத்தில்? 30 என்பது தவறு. தேநீரின் வெப்பநிலையை அப்படியே சமன்பாட்டில் போட்டாலும் தவறு. அறையைவிட எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் எடுக்க வேண்டும். அது 60-இலிருந்து 30 ஆகப் பாதியானது. அடுத்து 15 ஆகும். ஆகவே விடை 45 டிகிரி.

2009இல் வந்த வுல்ஃப்ரம் ஆல்ஃபா போன்ற மென்பொருள்கள் இவற்றை நொடியில் போட்டுத் தருகின்றன. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் விளக்கமும் எழுதுகின்றன, சரளமான அந்த விளக்கத்தில் குறிப்பிழை இருக்கவும் கூடும். மென்பொருள் தரும் விடையின் வடிவம் மாணவரின் விடையோடு ஒத்துப்போகாதபோது, சைன்-காஸ் கணக்கில் செய்ததுபோல இரண்டு விடைகளிலும் எக்ஸுக்கு இரண்டு மூன்று மதிப்புகளைக் கொடுத்துப் பார்க்கலாம். வித்தியாசம் மாறினால் இரண்டில் ஒன்றாவது தவறு. மாறாவிட்டாலும், இரண்டில் ஒன்றை வகையிட்டுப் பார்த்த பிறகே கணக்கு முடிந்ததாகக் கொள்ளலாம்.