பெயர் ஒட்டிய பெட்டிகள்

ஆணி எங்கே, திருகாணி எங்கே என்று தேடிச் சலிக்காத வீடு உண்டோ? மாடிப்படிக்கு அடியில் அப்பா வைத்திருக்கும் சிறு பட்டறையில் இது அன்றாடக் காட்சி. பெசன்ட் நகரில், எலியட்ஸ் கடற்கரைக்கு அருகில் வாழும் நமக்கோ தொல்லை இரட்டிப்பு. உப்புக் காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். பிஸ்கட் டின்களும் தப்புவதில்லை. ஆகவே ஆணிகளுக்கு லேசாக எண்ணெய் தடவி, இறுக மூடும் கண்ணாடிப் புட்டிகளிலோ பிளாஸ்டிக் டப்பாக்களிலோ இட்டு வைப்பது நலம்.

இனி, பெயர்ச்சீட்டு. காகிதத்தில் எழுதி ஒட்டினால் ஈரத்தில் மை கலங்கும். பசையைத் தின்ன இராமபாணப் பூச்சி வரும். இதற்கு நல்ல மாற்று, எழுத்துப் பதிக்கும் கைக்கருவி. அமெரிக்காவில் 1958-இல் தோன்றிய டைமோ நிறுவனம் இதனைப் பரப்பியது. சக்கரத்தைத் திருப்பி, வேண்டிய எழுத்தில் நிறுத்திக் கைப்பிடியை அழுத்தினால், வண்ணப் பிளாஸ்டிக் நாடாவில் எழுத்து வெண்மையாகப் புடைத்து எழும். மை ஒரு துளியும் இல்லை! இழுபட்ட இடத்தில் பிளாஸ்டிக் தானே வெளுக்கிறது, அவ்வளவே. நாம் பார்த்த கருவியில் ஆங்கில எழுத்துக்கள் மட்டுமே இருந்தன. தமிழ் மட்டும் படிக்கும் பாட்டிக்காகப் பெயின்டால் எழுத வேண்டியதுதான்.

ஆணி டப்பாவில் பெயர் இல்லாவிட்டால் நேரந்தான் வீண். டர்பன்டைன், மண்ணெண்ணெய், ஆசிட் ஆகியவை அப்படியல்ல. குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று எண்ணிக் குழந்தைகள் குடித்துவிடுவது நம் நாட்டு மருத்துவர்கள் நன்கறிந்த விபத்து. அது நுரையீரலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. வாந்தி எடுக்க வைத்தால் அபாயம் கூடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். எழுத்தறியாத தம்பிக்குப் பெயர்ச்சீட்டு என்ன செய்யும்? இவற்றை மட்டும், வாங்கிய புட்டியிலேயே மூடி இறுக்கி, உயரமான அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்வோம்.