டாமிக்கு மூன்று வயது

ஒரு சின்னப் பையன் பெட்டியின் மேல் ஏறி நின்று ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறான். நமக்குத் தெரிவதெல்லாம் அவன் முதுகும் பின்னந்தலையும்தான். முகம் முழுவதும் வெளியுலகத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. பெட்டியின் மேல் ஓர் எண். வீட்டிலிருந்து விரட்டி ரயிலேற்றும்போது நாஜிகள் யூதர்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்த எண்களில் ஒன்று.

இந்தப் படத்தை வரைந்தவர் அந்தப் பையனின் அப்பா. பெயர் பெட்ரிக் ஃபிரிட்டா. தேதி 1944 ஜனவரி 22. டாமிக்கு அன்று மூன்று வயது நிறைந்தது.

போன வாரம் பார்த்த, முற்றுகைக்கு நடுவே வாசித்த லெனின்கிராட் இசைக் கலைஞர்களுக்காவது ஒலிபெருக்கி வழியே ஒரு மாநகரமே காது கொடுத்தது. இந்த வாரம் நாம் போகும் தெரேசின் அப்படிப்பட்ட ஊரல்ல. ப்ராக் நகரிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில், 18ஆம் நூற்றாண்டில் படைவீரர்களுக்காகக் கட்டிய கோட்டை ஊர் அது. போருக்கு முன்பு சுமார் ஏழாயிரம் பேர் வாழ்ந்த அந்த இடத்தில், 1942 செப்டம்பரில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை அடைத்து வைத்திருந்தார்கள். பசியிலும் நோயிலும் அங்கேயே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கிருந்து ஆஷ்விட்ஸ் போன்ற கொலைக்களங்களுக்கு ரயிலேற்றப்பட்டார்கள்.

ஃபிரிட்டா ப்ராக்கில் கேலிச்சித்திரக்காரராக இருந்தவர். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்கள் அங்கே நடத்திய நையாண்டிப் பத்திரிகையில் பணியாற்றியவர். 1941 டிசம்பரில், முகாமை ஆயத்தம் செய்ய அனுப்பிய தொழிலாளர் குழுவோடு தெரேசினுக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே அவரை வரைகலைப் பிரிவுக்குத் தலைவராக்கினார்கள். அவருக்குக் கீழே சுமார் இருபது ஓவியர்கள். கட்டட வரைபடங்கள், புள்ளிவிவரப் படங்கள், முகாம் செம்மையாக நடப்பதாகக் காட்டும் சித்திர அறிக்கைகள் என நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரிகள் கேட்டதையெல்லாம் வரைந்து கொடுக்க வேண்டும்.

போரில் கலை எப்படி உயிர்த்திருக்கிறது என்று கேட்டால் நாம் உடனே மன உறுதி என்று சொல்லிவிடுகிறோம். எனக்கென்னவோ முதலில் காகிதத்தைப் பற்றிப் பேசத் தோன்றுகிறது. ஒரு துண்டுக் காகிதம்கூட அரிதான ஊரில் பெரிய தாள்களும் இந்திய மையும் தூரிகையும் இருந்த இடம் அந்த அலுவலகம்தான். சிறை வைத்தவன் தன் பொய்யை வரைவதற்காகக் கொடுத்த மை அது. இரவில் அதே மையைத் தொட்டு ஃபிரிட்டாவும், அவருடைய சகாக்களான லியோ ஹாஸ், ஓட்டோ உங்கர், ஃபெர்டினாண்ட் ப்ளாக் ஆகியோரும் கண்ணால் கண்டதை வரைந்தார்கள். ரயிலுக்குக் காத்திருக்கும் முதியவர்கள், பிணவண்டிகள், மூன்றடுக்குக் கட்டில்களில் நெருக்கியடித்துக் கிடக்கும் மனிதர்கள்.

ஃபிரிட்டாவின் தாள்களில் கறுப்பு கனமாக இறங்கியிருக்கும். ஆட்கள் ஒடுங்கி நீண்டிருப்பார்கள். ஊரே ஒரு நாடக மேடைபோல இருக்கும். அது வெறும் பாணி என்று எனக்குத் தோன்றவில்லை. தெரேசினை உண்மையிலேயே நாடக மேடையாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தினர் பார்வையிட வருகிறார்கள் என்பதற்காகச் சுவர்களுக்கு வண்ணம் பூசினார்கள், பூச்செடி நட்டார்கள். கூட்டம் குறைவாகத் தெரிய வேண்டுமே! அதற்காக 1944 மே மாதம் மட்டும் ஏழாயிரத்து ஐந்நூறு பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். கடைகளும் இருந்தன. வந்திறங்கியவர்களின் பெட்டிகளிலிருந்து பறித்த பொருள்களே அங்கே விற்பனைக்கு இருந்தன. ஃபிரிட்டா இந்தக் கடைகளையும் வரைந்தார், செஞ்சிலுவைக் குழுவுக்காக நிறுத்திய பொய் முகப்புகளையும் வரைந்தார். ஜூன் 23 அன்று வந்த விருந்தினர்கள் முகப்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் கறுப்புத் தாள்களை வரைந்த அதே கைதான் டாமிக்கு வண்ணப் புத்தகமும் செய்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள். பிறந்தநாள் கேக் இருக்கிறது. தூர தேசங்கள் இருக்கின்றன. பெரியவனானால் என்ன ஆவாய் என்ற கேள்விக்குப் பதிலாக, ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வோர் உடுப்பில் டாமி நிற்கிறான். கேக்கையோ தோட்டத்தையோ முகாமில் அவன் பார்த்திருக்க வழியில்லை. படத்தைக் காட்டித்தான் சொல்லித் தர வேண்டும்.

இரண்டில் எதை வரைவது கடினமாக இருந்திருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பிணவண்டியை வரையக் கோபம் துணைக்கு வரும். மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளையை வரைய எது துணைக்கு வரும்? உனக்காக நான் செய்யப்போகும் பல புத்தகங்களில் இது முதலாவது என்ற பொருளில் கடைசியில் எழுதியும் வைத்தார். பிடிபட்டால் என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரிந்திருந்தும் அதை எழுதினார்.

சில ஓவியங்கள் ரகசியமாக வெளியே போயிருந்தன. அது எஸ்.எஸ்.ஸுக்குத் தெரியவந்தது. நிலைமை முற்றுவதற்குள் ஃபிரிட்டாவின் ஓவியங்கள் தகரப் பெட்டியில் மண்ணுக்குள் போயின. ஹாஸின் ஓவியங்கள் முகாமிலிருந்த மாக்டபர்க் கட்டடத்தின் பரணில் சுவருக்குள் போயின. 1944 ஜூலை 17 அன்று ஓவியர்களைக் கைது செய்தார்கள். விசாரித்தவர்களில் எஸ்.எஸ். அதிகாரி அடால்ஃப் ஐக்மனும் ஒருவன். குற்றச்சாட்டு, அவதூறுப் பிரச்சாரம். குடும்பத்தோடு எல்லோரையும் பக்கத்திலிருந்த சிறு கோட்டைச் சிறையில் போட்டார்கள். டாமியையும்தான்.

உங்கரின் வலது கையைச் சிதைத்தார்கள். எந்தக் கை என்று தெரிந்தே செய்தார்கள். ப்ளாக் அந்தச் சிறையிலேயே கொல்லப்பட்டார். ஃபிரிட்டாவும் ஹாஸும் அக்டோபரில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். போய்ச் சேர்ந்த சில நாள்களிலேயே ஃபிரிட்டா இறந்துபோனார். டாமியின் அம்மா 1945 பிப்ரவரியில் சிறைக்குள்ளேயே இறந்தார். உங்கர் விடுதலையைப் பார்த்தார். ஆனால் அந்தக் கோடையைத் தாண்டவில்லை.

ஹாஸை ஆஷ்விட்ஸிலிருந்து சாக்சன்ஹவுசன் முகாமுக்கு மாற்றி, பிரிட்டிஷ் பவுண்டு நோட்டுகளைக் கள்ளத்தனமாக அச்சடிக்கும் ரகசியக் குழுவில் சேர்த்தார்கள். அவரைப் பிழைக்க வைத்ததும் வரையத் தெரிந்த கைதான். 1945 மே மாதம் எபென்சீ முகாமில் விடுதலையானவர், தெரேசினுக்குத் திரும்பி வந்து சுவரையும் மண்ணையும் தோண்டினார். ஓவியங்கள் இருந்தன. டாமியின் புத்தகமும் கிடைத்தது.

சிறையிலிருந்து உயிரோடு வந்த ஹாஸின் மனைவி எர்னாவும் அவரும் நான்கு வயது டாமியைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். பின்னாளில் ஜெர்மனியில் வாழ்ந்த டாமி, தாமஸ் ஃபிரிட்டா-ஹாஸ் என்றே தன் பெயரை எழுதினார்.

(தொடரும்)