கணினித் திரை திடீரெனக் கறுத்தால்: தீவகத்தில் முதலில் பார்க்க வேண்டியவை

வேலை செய்துகொண்டிருக்கும் கணினியின் திரை முன்னறிவிப்பின்றிக் கறுத்துப்போவது ஒரு தனிப் பழுது அன்று; ஒன்றோடொன்று தொடர்பற்ற பல பழுதுகள் வெளியே காட்டும் ஒரே அடையாளம் அது. மின்சாரம் உள்ளே போகாமல் கணினி முழுவதுமே நின்றிருக்கலாம். கணினி ஓடிக்கொண்டிருக்க, அது உருவாக்கும் படம் திரையைச் சென்றடையாமல் இடையில் அறுந்திருக்கலாம். படம் வந்துசேர்ந்த பின்னும் அதைக் கண்ணுக்குக் காட்டும் பின்னொளி அணைந்திருக்கலாம். இவை யாவும் சரியாக இருந்தும், கணினியின் பாகங்களை ஒழுங்குபடுத்தி நடத்தும் அடிப்படை மென்பொருளாகிய இயக்க முறைமை தன் முகப்பைக் காட்டத் தவறியிருக்கலாம். இந்த நான்கில் எது நடந்தது என்று அறியும் முன்னரே பாகங்களையெல்லாம் இணைக்கும் தாய்ப்பலகை போய்விட்டது என்றோ, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்ற வேண்டும் என்றோ முடிவுகட்டுவதால்தான், திருத்தக்கூடிய கணினிகள் மூலையில் ஒதுங்குகின்றன. பிள்ளைகளின் பாடக்குறிப்புகளும் குடும்பப் படங்களும் வீணாக அழிகின்றன.

பரவலாகக் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் மென்பொருளிலிருந்து தொடங்குகின்றன. சீரான மின்சாரமும் கடலிலிருந்து விலகிய காற்றும் உள்ள நகரங்களில் வாழ்வோரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை ஆகையால் அவற்றுக்கு அந்த வரிசை பொருந்தும். யாழ்ப்பாணத் தீவகத்தைச் சேர்ந்த வேலணைத் தீவில் அந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பார்ப்பதே அறிவுடைமை: முதலில் மின்சாரம், அடுத்து உப்பு, பின்னரே மென்பொருள்.

ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்டழைத்த இத்தீவு, பண்ணைத் தாம்போதியால் யாழ்ப்பாண நகருடனும் வாணர் பாலத்தால் புங்குடுதீவுடனும் இணைக்கப்பட்டிருந்தாலும், அல்லைப்பிட்டியிலிருந்து ஊர்காவற்றுறை வரை எந்த ஊரிலும் கடல் தொலைவில் இல்லை. சோளகம் வீசும் மாதங்களில் ஒரு கரையிலிருந்தும் வாடை வீசும் மாதங்களில் மறு கரையிலிருந்தும் நுண்ணிய உப்புத் துகள்கள் காற்றோடு வீடுகளுக்குள் வருகின்றன. கணினிக்குள் இருக்கும் விசிறி உள்வெப்பத்தை வெளியேற்றுவதற்காக அறைக்காற்றை ஓயாமல் இழுப்பதால், அத்துகள்கள் மின்சுற்றுப் பலகைகளின் மேல் தூசியோடு சேர்ந்து படிகின்றன. உலர்ந்த உப்பு அவ்வளவு தீங்கானதன்று. ஆனால் சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்ததும் காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்து உப்புநீராகும் இயல்புடையது. கரையோர இரவுகளில் ஈரப்பதன் அந்த அளவைத் தாண்டுவது வழமை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். எனவே பகலில் ஓடி வெப்பத்தால் உலர்ந்திருக்கும் கணினியைவிட, மாதக்கணக்கில் மூடிவைத்திருக்கும் கணினியே உள்ளுக்குள் விரைவாகக் கெடுகிறது. பயன்படுத்தாத காலத்திலும் வாரத்தில் சில தடவை ஒரு மணி நேரமாவது ஓடவிடுவதும், கடலை நோக்கிய யன்னலுக்கு நேரே வைக்காமலிருப்பதும் செலவில்லாத காப்புகள்.

இந்த அரிப்பு எளிதில் தாக்கும் இடங்களில் ஒன்று, ராம் எனப்படும் தற்காலிக நினைவக அட்டையின் தொடுமுனைகள். மேசைக் கணினிகளில் பயன்படும் டிடிஆர்4 வகை அட்டையில் 288 தொடுமுனைகள் உள்ளன. அவற்றின் மேலுள்ள தங்கப்பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைந்த தடிப்புடையது. தங்கம் துருப்பிடிக்காது என்றாலும், பூச்சிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளின் வழியே உப்புநீர் கீழேயுள்ள நிக்கலையும் செம்பையும் அடைந்து அரிக்கிறது. முனைகளில் சில மட்டும் சரியாகத் தொடாமல் போனாலே, கணினி தொடங்கும்போது தன் பாகங்களைத் தானே சோதித்துக்கொள்ளும் கட்டத்தில் நினைவகத்தைக் காணாமல் நின்றுவிடும். விசிறி சுழலும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். தீவகத்தில் இத்தகைய அறிகுறி கண்டால் முதல் ஐயம் விழவேண்டியது இந்த அட்டையின் மீதுதான்.

மின்சாரத்தின் கதை வேறு. வேலணைத் தீவு தேசிய மின்வலையமைப்போடு இணைந்தது. கடலால் துண்டிக்கப்பட்ட நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் இலங்கை மின்சார சபையின் டீசல் இயந்திரங்களை நம்பியிருந்து வந்தவை. அம்மூன்று தீவுகளிலும் காற்று, சூரிய ஒளி, சேமிப்புக் கலங்கள் ஆகியவற்றை இணைத்த கலப்பு மின்திட்டத்துக்கு 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கையும் 2024 மார்ச்சில் கட்டுமான ஒப்பந்தமும் கைச்சாத்தாயின. தேசிய வலையமைப்போடு இணைந்திருப்பதும் முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று பட்டதால் நாடு முழுவதுமே மின்சாரத்தை இழந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டது.

கணினியின் மின்வழங்கி, அதாவது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தைக் கணினிக்குத் தேவையான 12 வோல்ட் முதலிய நேர்மின்னோட்டமாக மாற்றும் பெட்டி, மின்சாரம் நின்ற பின்னும் தன்னுள் சேர்ந்திருக்கும் மின்னேற்றத்தைக் கொண்டு முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லிசெக்கன் வரையே தாக்குப்பிடிக்க வடிவமைக்கப்பட்டது. இலங்கையின் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்றுகள் கொண்டதாகையால் ஒரு சுற்றின் காலம் 20 மில்லிசெக்கன். ஆகவே மின்குமிழ் ஒருமுறை கண்சிமிட்டும் நேரத்துத் தடங்கலே கணினியை நிறுத்தப் போதுமானது. யூபிஎஸ் எனப்படும் தடையிலா மின்வழங்கி பொதுவாகப் பத்து மில்லிசெக்கனுக்குள் மின்கலத்துக்கு மாறி அந்த இடைவெளியை நிரப்புகிறது. அதன் உள்ளிருக்கும் ஈய அமில மின்கலம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வலுவிழக்கும். வெப்பமான அறையில் இன்னும் விரைவாக. யூபிஎஸ் இருந்தும் மின்வெட்டின் கணத்தில் திரை கறுக்குமானால் முதலில் மாற்ற வேண்டியது அந்த மின்கலத்தைத்தான்.

மின்வெட்டைவிட, மின்சாரம் திரும்பி வரும் கணமே அபாயமானது. ஊரிலுள்ள குளிர்சாதனப் பெட்டிகளும் நீரிறைக்கும் மோட்டர்களும் ஒரே நேரத்தில் உயிர்பெறும்போது மின்னழுத்தம் தாழ்ந்தும் உயர்ந்தும் ஆடுகிறது. மின்சாரம் நின்றவுடன் சுவரிலுள்ள ஆளியை அணைத்து, அது திரும்பிச் சில நிமிடங்கள் கழித்தே கணினியைத் தொடக்குவது இதனால்தான் வலியுறுத்தப்படுகிறது.

தீவகத்துக்கென்றே உரிய இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். வேலணை, புங்குடுதீவு மக்களின் உறவினர் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்வதால் அங்கிருந்து கணினிகள் வந்துசேர்கின்றன. கனடாவின் வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ட். மடிக்கணினிகளின் மின்னேற்றிகள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாமாகவே ஏற்கும். அந்த எண்கள் அவற்றின் அடிப்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பழைய மேசைக் கணினிகள் சிலவற்றின் பின்புறத்திலோ 115, 230 என்ற இரு நிலைகளுள்ள சிறிய சிவப்பு ஆளி உண்டு. அது 115இல் இருக்க இங்குள்ள சொக்கெட்டில் பொருத்தினால் மின்வழங்கி அக்கணமே எரிந்துபோகும். அனுப்பியவரின் அன்பும் பெற்றவரின் எதிர்பார்ப்பும் ஒரு நொடியில் வீணாவதைத் தடுக்க, பெட்டியைத் திறந்ததும் அந்த ஆளியைப் பார்த்துவிடுவது போதும்.

இனிச் சோதிக்கும் முறை. மேசைக் கணினியானால், மொனிட்டருக்கு வரும் படக் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு மொனிட்டரை அணைத்துப் போட வேண்டும். சமிக்ஞை இல்லை என்ற வாசகம் திரையில் தோன்றினால் மொனிட்டர் நலமாக உள்ளது. பழுது கேபிளிலோ கணினியிலோ இருக்கிறது. எந்த வாசகமும் தோன்றாவிட்டால் மொனிட்டரையும் அதன் மின்னிணைப்பையும் ஆராய வேண்டும். படத்தை உருவாக்கும் தனி வரைகலை அட்டை பொருத்திய கணினிகளில் கேபிளைத் தாய்ப்பலகையின் துளையில் செருகிவிட்டுப் படம் வரவில்லை என்று தேடுவதும் மிகப் பொதுவான தவறு. கேபிள் அந்த அட்டையின் துளையில்தான் இருக்க வேண்டும்.

திரவப் படிகத் திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னாலுள்ள எல்இடி விளக்குகளின் ஒளியைப் புள்ளி புள்ளியாக மறைத்தும் விட்டும் படத்தைக் காட்டுவது அதன் வேலை. அந்தப் பின்னொளி அணைந்தால் படம் இருந்தும் தெரியாது. அறையை இருட்டாக்கி, கைவிளக்கின் ஒளியைத் திரையின் மேல் சாய்வாகப் பாய்ச்சினால் எழுத்துகளும் சின்னங்களும் மங்கலாகத் தென்படும். தென்பட்டால் கணினியில் குறையில்லை, பின்னொளியிலோ அதற்கு மின்சாரம் தரும் சுற்றிலோதான் குறை. மடிக்கணினியில் மூடியைச் சாய்க்கும் கோணத்துக்கேற்பப் படம் வந்துபோனால், கீலின் ஊடாகச் செல்லும் கேபிள் தேய்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டு நிலைகளிலும் எச்டிஎம்ஐ கேபிளால் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து வேலையைத் தொடரவும் கோப்புகளைப் பிரதியெடுக்கவும் முடியும்.

மடிக்கணினி அடியோடு அசையாதிருந்தால், மின்னேற்றியைப் பிடுங்கி, கழற்றக்கூடிய மின்கலமாயின் அதையும் எடுத்து, மின் பொத்தானை முப்பது செக்கன் வரை அழுத்திப் பிடித்து, பின்னர் மின்னேற்றியை மட்டும் இணைத்துத் தொடக்கிப் பார்க்கலாம். பாகங்களில் எஞ்சியிருந்த மின்னேற்றம் வடிந்து, சிக்கிநின்ற கட்டுப்பாட்டுச் சுற்று மீண்டும் தொடங்க இது இடங்கொடுக்கிறது.

மேசைக் கணினியின் ராம் அட்டையை வீட்டிலேயே கழற்றிப் பொருத்தலாம். மின் கேபிளைப் பிடுங்கியபின், உடலிலுள்ள நிலைமின்னை வெளியேற்றப் பெட்டியின் பூச்சற்ற உலோகப் பகுதியைத் தொட்டு, இருபுறக் கவ்விகளையும் விலக்கி அட்டையை நேராக உயர்த்த வேண்டும். பள்ளிக்கூட அழிறப்பரால் முனைகளைத் தேய்ப்பது பலரும் கைக்கொள்ளும் வழி. அப்போதைக்குப் பலன் தந்தாலும் மெல்லிய தங்கப்பூச்சைத் தேய்த்து, அடுத்த அரிப்புக்கு அதுவே வழிவிடும். ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த, நார் உதிராத துணியால் துடைத்து, முழுதாக உலரவிட்டு, கவ்விகள் தாமே மூடும்வரை அழுத்திப் பொருத்துவதே நல்லது. இரண்டு அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்கையில் கெட்டது எது என்பது தெரிந்துவிடும். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது; 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட் அளவாகையால், அதனுள்ளிருக்கும் மின்தேக்கிகள் பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கக்கூடும்.

மென்பொருளின் முறை இதற்குப் பின்னரே வருகிறது. விசைப்பலகையில் கெப்ஸ் லொக் விசையை அழுத்தும்போது அதன் சிறு விளக்கு எரிந்து அணையுமானால், பெரும்பாலும் உள்ளே இயக்க முறைமை உயிரோடு இருக்கிறது. அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் ஆகிய மூன்று விசைகளோடு பி (B) விசையையும் சேர்த்து அழுத்தினால், திரைக்குப் படம் வரைந்தனுப்பும் இயக்கி மென்பொருள் மீண்டும் தொடங்கும். திரை ஒருமுறை சிமிட்டி மீள்வது வழமை. கறுத்த திரையில் சுட்டெலியின் அம்பு மட்டும் தெரிந்தால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளால் பணி மேலாளரைத் திறந்து, முகப்பைக் காட்டும் எக்ஸ்புளோரர் செயலியை அங்கிருந்து மறுபடி ஓடவிடலாம். விண்டோஸ் தொடங்கும்போதே கறுத்தால், அடுத்தடுத்து மூன்று தடவை தொடக்கத்தை இடைநிறுத்துவதன் மூலம் பழுதுநீக்கும் பகுதிக்குள் நுழைந்து, குறைந்த மென்பொருள்களோடு இயங்கும் பாதுகாப்பு நிலையில் தொடக்கி, அண்மையில் ஏறிய இற்றைப்படுத்தலை நீக்க இயலும்.

கறுப்பு நிறத்துக்கு அண்மையில் இன்னொரு பொருளும் சேர்ந்துள்ளது. விண்டோஸ் நிலைகுலையும்போது பல்லாண்டுகளாகத் தோன்றிவந்த நீலத் திரையைக் கறுப்பாக மாற்றுவதாக மைக்ரோசொப்ட் 2025 ஜூனில் அறிவித்தது. 2024 ஜூலை 19இல் குரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான இற்றைப்படுத்தலால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது தெரிந்த நீலம், விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் இனிக் கறுப்பாகத் தோன்றும். ஆகவே கறுத்த திரையில் எழுத்துகள் தெரிந்தால் அது ஒளியின் குறையன்று. அங்கே காணப்படும் பிழைக் குறியீட்டைக் கைபேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்வது திருத்துபவரின் வேலையைப் பாதியாக்கும்.

எந்நிலையிலும் நினைவிலிருக்க வேண்டியது, திரை கறுத்ததால் கோப்புகள் அழிவதில்லை என்பது. அவை நிலைவட்டு அல்லது எஸ்எஸ்டி எனப்படும் சேமிப்பகத்தில் இருக்கின்றன. கணினி இறந்தாலும் அச்சேமிப்பகத்தைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அண்மைக்கால விண்டோஸ் கணினிகள் பலவற்றில் அது தானாகவே மறைகுறியாக்கப்பட்டிருக்கும்; அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி, உரிமையாளரின் மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம். கணினி நலமாக இருக்கும்போதே அதைத் தேடிக் கண்டு தாளில் எழுதிவைக்காதவர்கள், பழுது வந்த பின் அதற்காகத் தவிக்க நேரிடும்.

பண்ணையைக் கடந்து யாழ்ப்பாணத்திலுள்ள திருத்தகத்துக்குக் கணினியைக் கொண்டுசெல்ல வேண்டியபோது, திரை கறுத்த நேரத்தில் மின்வெட்டு இருந்ததா, விசிறி சுழன்றதா, கைவிளக்கின் ஒளியில் படம் தெரிந்ததா, கணினி எந்த நாட்டில் வாங்கப்பட்டது ஆகியவற்றை எழுதிக் கொடுப்பதும், உரிமையாளரின் சம்மதமின்றிச் சேமிப்பகத்தை அழிக்கக் கூடாது என்று முற்கூட்டியே சொல்லிவைப்பதும், மாற்றப்பட்ட பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்டுப் பெறுவதும் நன்று. அப்பாகத்தின் முனைகளில் உப்பரிப்பின் பச்சை படர்ந்திருந்தால், புதிய பாகத்தைப் பொருத்தும் முன்பே கணினி வைக்கும் இடத்தை மாற்ற வேண்டியிருக்கும்.